நாலு பேர் தூக்கும் தொட்டில்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஹம்பர்க்கில் சாந்தா தேவசகாயத்தின் குரல் காதில் விழாமல் யாரும் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப முடியாது. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய கடையில் குழந்தைச் சட்டை விற்கும் மாடியிலும் அவள்தான் பாடுவாள்; வானொலியில் ஞாயிறு ஆராதனைக்கு முன்பும் அவள்தான். இசைத்தட்டின் உறையில் பச்சைத் தென்னங்கீற்றால் பின்னிய தொட்டில் ஒன்று, அதில் கறுப்பாய்க் கொழுகொழுவென்று ஒரு குழந்தை யேசு, மேலே ஒரு நட்சத்திரம். 'இந்தியத் தாலாட்டு' என்று ஜெர்மன் மொழியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

பச்சைத் தென்னங்கீற்றில் நம் பக்கத்தில் யாரும் தொட்டில் பின்னுவதில்லை. பாடைதான் பின்னுவார்கள். அதை வரைந்தவன் இந்தியாவைக் கண்ணால் கண்டவனில்லை. ஆனாலும் பாவி, தெரியாத்தனமாகச் சரியாக வரைந்துவிட்டான். அந்தப் பாட்டு தாலாட்டே இல்லை. ஒப்பாரி. செத்துப்போன மகளுக்காகச் சாந்தா அழுத அழுகை.

சாந்தாவின் அப்பா பொறையாற்றுப் பக்கத்தில் உபதேசியார். பாதிரியார் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிற ஆள். அவர் வீட்டில் சிரிப்புக்கே ஓர் அளவு உண்டு. ஒப்பாரிக்கோ வாசற்படி ஏறவும் அனுமதி கிடையாது. செத்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்புகிறவன் மாரடித்து அழுதால் அவன் விசுவாசம் என்ன விசுவாசம் என்பது அவர் கட்சி. ஆனால் கொல்லைக்குப் பின்னால் வேறொரு தெரு இருந்தது. அங்கே சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, ஆடி ஆடி அழுவார்கள். சாந்தா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பாள். ராகம் மட்டுமல்ல, அதன் முறையும் அவளுக்கு அத்துப்படி. ஒப்பாரியைத் தன்னந்தனியாகப் பாட முடியாது. பாடி முடித்தவளைப் பார்த்து நன்றாகப் பாடினாய் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் செருப்படிதான் விழும். ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுவார்கள், முந்தானையால் முகத்தைத் துடைத்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

வளர்ந்து மிஷன் பள்ளியில் டீச்சரானாள். கோயிலில் கீர்த்தனை அவள் குரலில்தான் தொடங்கும். தரங்கம்பாடி, மாயவரம், தஞ்சாவூர் என்று எந்தச் சபையில் விசேஷம் என்றாலும் சாந்தா டீச்சரைக் கூப்பிடுங்கள் என்பார்கள். தேவசகாயத்துக்கு வாழ்க்கைப்பட்டு எப்சிபா பிறந்த பிறகும் அது நிற்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே பாடுவாள். எப்சி அம்மாவின் தொண்டைக்குழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும்.

அந்தக் காலத்தில்தான் ஹின்ரிக்ஸ் ஐயர் அவள் பாட்டைக் கேட்டார். லுத்தரன் சபையில் பாதிரியாரை ஐயர் என்பது வழக்கம். வெள்ளைக்காரராக இருந்தாலும் ஐயர் ஐயர்தான். நல்ல மனிதர். ஊரில் சில வருடம் இருந்து தமிழ் கற்றிருந்தார். ஆனால் கற்றது முழுக்க முழுக்க வேதப் புத்தகத்திலிருந்து. காய்கறிக்காரியிடம்கூட, "ஸ்திரீயே, இந்தக் கத்தரிக்காய்க்கு நீர் கேட்கும் கிரயம் யாது?" என்பார். அவர் ஹம்பர்க்குக்குத் திரும்பிப் போனதும் சாந்தாவை அழைத்தார். ஒரே ஒரு வருடம் ஜெர்மன் சபைகளில் தமிழ்க் கீர்த்தனை பாடிவிட்டு ஊர் திரும்பலாம் என்றார். அறுபத்து மூன்றாம் வருடம், ஐந்து வயது எப்சியைத் தகப்பனிடம் விட்டுவிட்டுச் சாந்தா கப்பலேறினாள்.

வருடம் முடிந்தது. கிறிஸ்துமஸ் வரை இருந்துவிட்டுப் போகலாமே என்றார் ஐயர். கட்டாயப்படுத்தவில்லை, கேட்டார். சாந்தா சரி என்றாள். ஊரில் கோயில் பாட்டுக்குக் கைதட்டுகிற வழக்கம் இல்லை. இங்கே பாடி முடித்ததும் கோட்டுப் போட்ட கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அந்த ருசி அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. இதைப் பின்னாளில் அவளே தனக்குள் சொல்லிச் சொல்லி நொந்துகொண்டாள்.

அறுபத்து நாலு டிசம்பரில், கச்சேரி நாளன்று பகலில் தந்தி வந்தது. ஐயர் அவள் அறைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"சகோதரியே, உம்முடைய குமாரத்தி நித்திரையடைந்தாள்."

சாந்தாவுக்கு ஒரு கணம் குழந்தை தூங்குகிறது என்றுதான் பட்டது. பகலில் தூங்காதே, காய்ச்சலோ என்றுகூட நினைத்தாள். அப்புறம்தான் அந்தச் சொல் சபைக்காரர்கள் கல்லறையில் பொறிக்கிற சொல் என்று உறைத்தது. நச்சுக் காய்ச்சலாம். தந்தி வருவதற்கு முன்பே புதைத்தும் ஆகிவிட்டது. கப்பலில் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். போய்ப் பார்க்க மண்தான் இருக்கும்.

அறையில் தனியாக உட்கார்ந்து அழப் பார்த்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சு கல்லாய்க் கிடந்தது. ஐயரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தொந்தரவு செய்யக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அது அவர்கள் ஊர் மரியாதை. தோளில் கை போட ஒரு பெண் இல்லாமல், அந்த மரியாதைக்குள் சாந்தா மூச்சு முட்டிப்போனாள். சாயங்காலம் ஐயர், இன்று பாட வேண்டாம் என்றார். பாடுகிறேன் என்று எழுந்துவிட்டாள். கோயிலில் அத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களையாவது பார்க்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

பலிபீடத்தின் படியில் நின்று, கிறிஸ்துமஸ் கீர்த்தனைக்கு என்று வாயைத் திறந்தாள். கொல்லைத்தெருப் பெண்களின் ராகம் வந்தது.

பொன்னே நீ தூங்கடி, பொழுதடைஞ்சு போச்சுதடி
நாலு பேர் தூக்கிவர நல்ல தொட்டில் வந்துதடி
மண்ணாலே மெத்தை வச்சு மாலையிட்டுப் போட்டாங்க
எழுப்ப ஒருத்தியில்லே, எப்பக் கண்ணு முழிப்பேடி

யாரும் சொல்லிக் கொடுத்த வரிகள் இல்லை. அந்த நிமிடத்தில் வந்தவை. கண்ணீர் கொட்டியது, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, குரல் உடைந்து உடைந்து சேர்ந்தது. பாட்டு முடிந்தது. பிறகு ஒரே சமயத்தில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து, அற்புதம், அற்புதம் என்றாள்.

ஐயரும் அழுதுகொண்டிருந்தார். தூங்கு என்பது புரிந்தது, தொட்டில் புரிந்தது. தன் மகளை இழந்த அன்றும் பாலகன் யேசுவுக்குத் தாலாட்டுப் பாடிய விசுவாசி என்று அவளைக் கூட்டத்துக்கு ஜெர்மனில் எடுத்துச் சொன்னார். நாலு பேர் தூக்கும் தொட்டில் என்றால் யேசுவின் கதையை எழுதிய நாலு சுவிசேஷகர்கள் சுமந்துவரும் நற்செய்தி. மண் மெத்தை என்றால் தொழுவத்தின் எளிமை என்றார். பகலில் மரணத்தைத் தூக்கம் என்று அவளிடம் சொன்ன அதே மனிதருக்கு, சாயங்காலம் அவள் தூக்கம் என்று பாடியது மரணம் எனத் தெரியவில்லை. அந்த மனுஷரைக் குற்றம் சொல்லவும் சாந்தாவுக்கு மனம் வரவில்லை.

மறு வருடம் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் வந்தான். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பாடகர்களின் கோஸ்பல் என்ற பக்திப் பாட்டுக்கு ஜெர்மனி முழுக்கக் கிறுக்குப் பிடித்திருந்த சமயம் அது. கறுப்பாக இருக்கிறாள், யேசுவைப் பற்றிப் பாடுகிறாள், ஆகவே இவளும் கோஸ்பல்தான் என்று அவன் முடிவு கட்டினான். அந்தச் சொல்லையே சாந்தா அப்போதுதான் கேள்விப்பட்டாள். அவன் இரண்டாவது வரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விடச் சொன்னான். அந்த இடைவெளியில் நாற்பது பேர் கொண்ட பாடகர் குழு அல்லேலூயா என்று முழங்கும். சாந்தா வலக்கையை மெல்ல உயர்த்தினால் அவர்கள் தொடங்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். நல்ல தொட்டில் வந்துதடி, அல்லேலூயா.

அதன் பிறகு லூபெக், பிரேமன், ஸ்டுட்கார்ட், மேற்கு பெர்லின். தொலைக்காட்சியில் ஒரு முறை மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நிற்க வைத்தார்கள். பத்திரிகைகள் அவளைக் கிழக்கின் குயில் என்றன. தேவசகாயம் அவளை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் கடிதப் போக்குவரத்தும் நின்றது.

ஒரே ஒரு தடவை அவள் ஐயரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஐயரே, இது தாலாட்டு இல்லைங்க. ஒப்பாரி."

ஐயர் எழுந்து போய் அகராதியைப் புரட்டினார். ஒப்பாரி என்றால் ஒப்பு, சாயல் என்று முதலில் போட்டிருந்தது. அதற்குமேல் படிக்காமல் முகம் மலர்ந்து திரும்பினார்.

"உவமை! நமது கர்த்தரும் உவமைகளினாலேயே பேசினார். நீர் நன்றாய்ச் சொன்னீர்."

புலம்பல் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அந்த நொடியே விளங்கியிருக்கும். வேதத்தில் அந்தப் பெயரில் ஓர் ஆகமமே இருக்கிறது. சாந்தாவுக்கும் அது தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் பிரேமனில் கச்சேரி இருந்தது.

அவளைக் கேட்டால், அந்தப் பாட்டை விட்டால் எப்சிக்கென்று தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்பாள். அது பொய்யும் இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் மேடையேறும்போதெல்லாம் குழந்தை வந்து அவள் தொண்டைக்குழியைத் தொட்டது. அழுகை தானாக வந்தது. அப்புறம் அழுகை சொன்ன நேரத்தில் வரத் தொடங்கியது, நான்காம் வரியில், ஒளி அவள் முகத்தில் விழும்போது. அப்புறம் அதுவும் நின்று, தொண்டையைக் கொஞ்சம் இறுக்கினால் அழுவது போலவே கேட்கும் என்று கண்டுகொண்டாள். கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் ஸ்டுட்கார்ட்டில் பாடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டல் அறையின் சாவியை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்ததைத் தானே கவனித்துத் திடுக்கிட்டாள். அன்று அறைக்கு வந்து எப்சியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். உறையில் இருந்த கொழுகொழுக் குழந்தைதான் வந்தது.

பெற்ற பிள்ளைக்காக ஒருமுறை உண்மையாக அழுதுவிட வேண்டும். தோளில் கை போட ஒரு பெண்ணோடு உட்கார்ந்து, கேட்க ஆளில்லாமல், தட்ட ஆளில்லாமல், ஒரே ஒரு முறை. வாழ்க்கையில் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அதுதான்.

எழுபத்தைந்தாம் வருட டிசம்பரில், ஹம்பர்க் கச்சேரியில், ஆறாம் வரிசையில் ஒரு சேலை தெரிந்தது. எல்லோரும் எழுந்து தட்டும்போது அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு மேடைக்குப் பின்னால் தேடி வந்தாள். ஏழு மாத வயிறு. மாயவரத்துக்காரி, பெயர் பாமா. கணவன் வாசுதேவன் ஹம்பர்க்கில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறான். தமிழ்ப் பாட்டு என்று நோட்டீஸில் பார்த்து ஆசையாக அவளைக் கூட்டி வந்திருக்கிறான். அவள் முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"யாருக்கா செத்தது?" என்றாள் பாமா.

பதினோரு வருடத்தில் ஜெர்மனியில் யாரும் கேட்காத கேள்வி. சாந்தா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"என்னக்கா இது, யேசு சாமிய யாராச்சும் 'டி' போட்டுக் கூப்பிடுவாங்களா? பொட்டப்புள்ளைய இல்ல பாடுறீங்க. தொட்டில்னா நாலு பேரு எதுக்குத் தூக்கணும்?"

"எம் பொண்ணு. எப்சிபான்னு பேரு."

"எப்சிபா," என்று பாமா ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அவ்வளவுதான். சாந்தாவுக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு இளகியது. அங்கேயே அழுதிருப்பாள். ஆனால் வாசுதேவன் பதறிக்கொண்டு குறுக்கே வந்தான்.

"பாமா, வாயும் வயிறுமா இருக்கறப்ப இதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க இல்ல? ப்ளீஸ், கிளம்பு."

பிசிக்ஸ் படித்தவனுக்கும் அந்தப் பயம் இருந்தது. பாமா அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சாந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லபடியா பெத்துப் பொழச்சு வந்துடறேன்க்கா. அப்புறம் ஒரு நாளு நம்ம ரெண்டு பேரும் கதவ சாத்திக்கிட்டு உக்காந்து எப்சிக்காக அழுதுடுவோம்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் பாமா வீட்டில் சாப்பாடு. ரசம் கொதிக்கும், இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள். பாட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். சாந்தா வேறு எதற்கும் இப்படிக் காத்திருந்ததில்லை. பிரசவத்துக்குக் காத்திருக்கிறாளா, தன் அழுகைக்குக் காத்திருக்கிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாமாவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு ஆறாம் வரிசையில் இவள் கேட்டுவிட்டாளே என்று உள்ளே ஒரு முள் குத்தும்.

பிப்ரவரிக் கடைசியில் பாமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் இருந்தது. மூச்சு சரியில்லை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், அங்கேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பாமாவுக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய், வாசுதேவன் ஒருவனே நின்று, எல்லாம் சுத்தமாக, சத்தமில்லாமல் முடிந்தது. அவர்கள் ஊர் மரியாதை.

நாலைந்து நாள் கழித்து வாசுதேவன் சாந்தாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

"அவ அழவே மாட்டேங்கறாக்கா. ஒரு சொட்டு கண்ணீர் வரல. ஜன்னலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்றாரு. எனக்கு பயமா இருக்கு. நீங்க வந்து பாடணும்க்கா. அன்னைக்கு நான்தான் வேணாம்னேன். இப்ப நானே கேக்கறேன்."

உன் பாட்டுதான் என் பிள்ளையைக் கொன்றது என்று அவன் சொல்லுவான் என்று பயந்து நின்றவளுக்கு, இது அதைவிடப் பெரிய சுமையாக இருந்தது. உடனே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பாமா தரையில் விரித்த ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நண்பகல் வெளிச்சம் ஜன்னல் வழியே அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. சாந்தா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கை போட்டாள். வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்ததை முதல்முறையாகத் தானே செய்தாள். வாசுதேவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான். கேட்க ஆளில்லை, தட்ட ஆளில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் நினைத்தாளோ அப்படியே இருந்தது.

சாந்தா ஆண்டவரே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு தொடங்கினாள்.

பொன்னே நீ தூங்கடி, பொழுதடைஞ்சு போச்சுதடி...

பாமாவின் தோள் அவள் கைக்குக் கீழே ஒரு முறை குலுங்கியது. உதடு கோணியது. சாந்தா அவளை இன்னும் நெருக்கி அணைத்து, உடம்பை ஆட்டியபடி இரண்டாவது வரிக்குப் போனாள்.

நாலு பேர் தூக்கிவர நல்ல தொட்டில் வந்துதடி...

பாமாவின் தொண்டையிலிருந்து முதல் கேவல் கிளம்பியது. நாலைந்து நாளாக அடைத்துக் கிடந்தது வெளியே வரப் பார்த்தது.

அப்போது சாந்தா நிறுத்தினாள். மூன்றாவது வரிக்குப் போகாமல் நின்றாள். பாமாவின் தோளில் கிடந்த வலக்கை அங்கிருந்து எழுந்து, மெல்ல, அழகாக, காற்றில் உயர்ந்தது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. நாற்பது பேர் பாட வேண்டிய நேரம் முழுவதும் அந்தக் கை அப்படியே நின்றது.

பாமா கையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாந்தாவின் முகத்தைப் பார்த்தாள். கேவல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கண் காய்ந்து கிடந்தது.

"ரெக்கார்டுல இந்த எடத்துல அல்லேலூயா வரும், இல்லக்கா?" என்றாள்.

சாந்தா கையை இறக்கினாள். மறுபடி பிடித்துப் பாடப் பார்த்தாள். மண்ணாலே மெத்தை வச்சு என்று குரல் தேன் மாதிரிதான் வந்தது. சுருதி பிசகவில்லை, நான்காம் வரியில் தொண்டை சரியான இடத்தில் இறுகி, சரியான இடத்தில் உடைந்தது. இதற்காகத்தான் ஊர் ஊராக எழுந்து நின்றார்கள். பாமாவின் மகளுக்காகத் தேடினாள், எப்சிக்காகத் தேடினாள். பாட்டுக்குள் யாரும் இல்லை. துடைத்து வைத்த பாத்திரமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. பாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு தேடி வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, மரியாதையாகச் சொன்னாள்.

"நல்லா பாடுனீங்கக்கா."

அத்தனை வருடத்துப் பழக்கம். சாந்தாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. தலை தானாகக் குனிந்து, நன்றி சொல்லி வணங்கியது.